முதல் தீவுப் பயணமா? படகு நேரத்திலிருந்து தொடங்குங்கள்

வெப்பமண்டலத் தீவுக்கு முதன்முறையாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தங்கும் அறையைத்தான் முதலில் பதிவு செய்கிறார்கள். படத்தில் பார்த்த கடலின் நிறம் மனதைப் பிடித்துவிடுகிறது, உடனே பணத்தையும் கட்டிவிடுகிறார்கள். பிறகு விமானச் சீட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் படகு. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. தீவில் கால் வைக்கும் கடைசிக் கட்டம் எதுவோ, அதை முதலில் விசாரியுங்கள். மற்றதெல்லாம் அதற்கு ஏற்றபடி வரட்டும்.

ஊருக்குள் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது வரும். தீவுக்கு அன்றைய கடைசிப் படகு போய்விட்டால் அன்றைக்கு வேறு வழி கிடையாது. என் முதல் பயணத்தில் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாக இறங்கியது. பெட்டியை இழுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடிச் சேர்ந்தபோது, படகு வெளியே போய்ச் சிறு புள்ளியாகத் தெரிந்தது. அன்றிரவு துறைமுகத்தை ஒட்டிக் கிடைத்த ஓர் அறையில் தங்கினேன். தீவில் முதல் இரவுக்குக் கட்டியிருந்த பணம் திரும்பி வரவில்லை. இரண்டு மணி நேரம் முன்னதாக வரும் விமானத்தைப் பிடித்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே முதல் வேலையாக மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். நாளில் எத்தனை படகு, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எந்த மாதங்களில் அலை காரணமாகப் படகை நிறுத்துகிறார்கள்? தங்குமிடத்துக்கே ஒரு செய்தி அனுப்பிக் கேட்டால் போதும், சொல்லிவிடுவார்கள். கடல் விமானம் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலையில் தலைநகர் மாலே வந்து இறங்குகிறவர்கள் இரவு அங்கேயே தங்கி மறுநாள் காலையில்தான் கிளம்ப முடியும். இது தெரியாமல் தீவில் முதல் இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுகிறவர்கள் பலர்.

திரும்பும் நாளுக்கும் இதே எச்சரிக்கைதான். சர்வதேச விமானம் ஏறும் நாளிலேயே சின்னத் தீவிலிருந்து படகு பிடிப்பதை நான் தவிர்க்கச் சொல்வேன். கடைசி இரவை விமான நிலையம் இருக்கும் தீவிலேயே கழித்துவிடுங்கள். காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே சிறு படகுகளை நிறுத்திவிடுவார்கள், விமானமோ உங்களுக்காகக் காத்திருக்காது.

எந்த மாதம் போவது?

வெப்பமண்டலத்தில் குளிர்காலம், கோடைக்காலம் என்ற கணக்கு அவ்வளவாக உதவாது. ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். மழையும் காற்றும்தான் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. அட்லாண்டிக் கடலிலும் கரீபியனிலும் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதிலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை உச்சம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இது தலைகீழ். மொரீஷியஸ், ரீயூனியன், ஃபிஜி போன்ற இடங்களில் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் புயல் மாதங்கள். அறை வாடகை திடீரென்று பாதியாகக் குறைந்திருக்கும் மாதத்தைப் பார்த்தால், முதலில் இந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பூமத்திய ரேகைக்கு மிக அருகில், சுமார் 5 டிகிரிக்குள், புயல் உருவாவது மிக அரிது. காற்றைச் சுழல வைக்கும் பூமிச் சுழற்சியின் விளைவு அங்கே வலுவற்றது என்பதே காரணம். செஷெல்ஸின் முக்கியத் தீவுகள் புயலிலிருந்து பெரும்பாலும் தப்புவது இதனால்தான். ஆனால் புயல் இல்லை என்றால் மழை இல்லை என்று ஆகிவிடாது. மாலத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை மழையையும் அலையையும் கொண்டுவரும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும், வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் நிற்கும்.

மாதம் முடிவானதும் தீவின் எந்தப் பக்கம் தங்குவது என்று பாருங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மலை உள்ள தீவில் காற்று வந்து மோதும் பக்கம் மழை கொட்டும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும். ஹவாயின் பெரிய தீவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடகிழக்கிலிருந்து வரும் காற்று 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மௌனா கேயா, மௌனா லோவா மலைகளில் மோதுகிறது. கிழக்குக் கரையின் ஹிலோ நகரத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மேற்கே கோனா கரையோரத்தில் எரிமலைப் பாறை வெயிலில் வறண்டு கிடக்கிறது. ஒரே தீவு, ஒரே நாள், இரண்டு வானிலை. கடலில் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் காற்று மறைவான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அருவியும் காடும் பிடிக்கும் என்றால் மழைப் பக்கம். மாலத்தீவு மாதிரி தட்டையான பவளத் தீவுகளில் மழையில் இந்த வித்தியாசம் தெரியாது.

உள்ளூர் நாட்காட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். பாலியில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் நியெபி என்ற அமைதி நாளில் 24 மணி நேரத்துக்கு விமான நிலையமே மூடியிருக்கும். கடைகள் கிடையாது, தங்குமிடத்தை விட்டு வெளியே வரவும் கூடாது. அந்த அமைதியை விரும்பிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அன்றைக்கு ஊர் திரும்பும் திட்டம் வைத்திருக்கக் கூடாது.

காகிதங்களும் பணமும்

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. திரும்பும் விமானச் சீட்டையும் முதல் தங்குமிடத்தின் முகவரியையும் குடியேற்ற மேசையில் கேட்பார்கள், அச்சிட்ட நகல் ஒன்று கையில் இருக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாட்டிலிருந்தோ அதன் வழியாகவோ போகிறவர்களிடம் சில தீவு நாடுகள் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் அந்தச் சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்கு அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பயணக் காப்பீட்டை எடுக்கும்போது இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, நோயாளியைத் தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் செலவு அதில் அடங்குமா என்பது. சின்னத் தீவில் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறு மருத்துவமனைதான், எலும்பு முறிந்தால்கூடப் படகிலோ விமானத்திலோ ஏற்றித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். இன்னொன்று, ஆழ்கடல் முக்குளிப்பும் வாடகை இருசக்கர வண்டியும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றனவா என்பது. பெரும்பாலும் இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, தீவில் இருக்கும் ஒரே ஏடிஎம் வேலை செய்யாத நாள் ஒன்று கட்டாயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் செலவுக்கான உள்ளூர்ப் பணத்தைச் சின்ன நோட்டுகளாகப் பெரிய ஊரிலேயே எடுத்துவிடுங்கள். படகோட்டியிடம் பெரிய நோட்டை நீட்டினால் சில்லறை கிடைப்பது கஷ்டம்.

பெட்டி கட்டுதல்

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி மணலில் நகராது. ஆடும் படகிலிருந்து அதைத் தூக்கிக் கொடுப்பதும் சிரமம். தோளில் மாட்டும்படியான துணிப்பை ஒன்றும், தண்ணீர் புகாமல் வாயைச் சுருட்டி மூடும் சிறு பை ஒன்றும் போதும். சிறு விமானங்களில் எடைக் கட்டுப்பாடும் கடுமை. மாலத்தீவுக் கடல் விமானங்களில் பொதுவாகப் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ. கைப்பையையும் தராசில் வைப்பார்கள்.

முதல் 24 மணி நேரத்துக்குத் தேவையானதைக் கைப்பையில் தனியாக வையுங்கள். ஒரு நீச்சல் உடை, ஒரு மாற்றுடை, மருந்துகள், பல் துலக்கும் சாமான், சார்ஜர், சன்ஸ்கிரீன். பெரிய பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் அன்று கடலில் இறங்கலாம். சன்ஸ்கிரீனும் மற்ற திரவங்களும் கைப்பையில் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான விமான நிலையங்களின் விதி.

துணிகளில் ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒருமுறை நனைந்தால் அந்த ஈரக்காற்றில் இரண்டு நாளானாலும் காயாது. மெல்லிய சட்டைகள் நாலைந்து, அரைக்கால் சட்டை இரண்டு, மாலையில் கொசுவுக்காக ஒரு முழுநீளக் கால்சட்டை. நீச்சல் உடை மட்டும் இரண்டு வேண்டும், ஒன்று கொடியில் காயும்போது இன்னொன்றைப் போட்டுக்கொள்ள. கடல்நீரில் நனைந்ததை நல்ல தண்ணீரில் அலசாமல் காயப்போட்டால் அது காய்ந்த மாதிரி இருக்கும், இரவில் தொட்டால் மறுபடி பிசுபிசுக்கும். துணியில் தங்கிவிட்ட உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வருவது அது. கால் பக்கெட் நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசினால் இந்தத் தொல்லை போகும்.

பார்படோஸ், ஜமைக்கா உள்ளிட்ட சில கரீபியன் நாடுகளில் ராணுவப் புள்ளிச் சட்டையைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். குழந்தையின் தொப்பிக்கும் விலக்கு இல்லை. கரீபியன் பக்கம் போகிறவர்கள் அப்படிப்பட்ட துணியை எடுத்து வைக்கவே வேண்டாம். அதே மாதிரி மாலத்தீவுக்குள் மது பாட்டில் கொண்டுபோக அனுமதி கிடையாது, வழியில் விமான நிலையத்துக் கடையில் வாங்கியதானாலும் சரி.

இப்போது வெயில். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், முதல் நாளே தோல் வெந்து மீதி நாட்களை அறைக்குள் கழிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆதங்கம். வளர்ந்த ஒருவருக்கு உடல் முழுக்க ஒருமுறை சன்ஸ்கிரீன் பூச சுமார் 30 மில்லி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து ஏறிய பிறகும் மறுபடி பூச வேண்டும். நாளுக்கு மூன்று தடவை என்று வைத்தாலே 90 மில்லி, ஏழு நாளைக்கு 630 மில்லி. நாம் பையில் போடும் 100 மில்லிக் குழாய் முதல் நாள் மாலையே ஏறக்குறைய தீர்ந்துவிடும் என்று அர்த்தம். தீராமல் ஒரு வாரம் வந்தது என்றால் போதுமான அளவு பூசவில்லை.

இவ்வளவையும் சுமந்துகொண்டு போக யாராலும் முடியாது. அதனால் முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று வாங்குங்கள். கழுத்து வரை மூடியது, உடம்போடு ஒட்டியது. முதுகும் தோளும் கையும் அதற்குள் போய்விடும். முகம், பின்கழுத்து, காது, கால் ஆகியவற்றுக்கு மட்டும் களிம்பு போதும். கண்ணாடி மாட்டிக்கொண்டு குப்புற மிதந்து மீன் பார்க்கிறவர்கள் மறக்கிற இடம் முழங்காலின் பின்பக்கம். அங்கே வெந்தால் நடக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. சன்ஸ்கிரீன் குழாயில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் 30 என்பது சருமத்தைச் சுடும் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்பது 98. எண்ணை உயர்த்துவதைவிட அளவாகப் பூசுவதில்தான் பலன்.

எந்தக் களிம்பு என்பதும் முக்கியம். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய வேதிப்பொருள்களில் ஒன்று கலந்திருந்தாலும் அந்தச் சன்ஸ்கிரீனை விற்பதை ஹவாய் 2021 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. பவளப்பாறைக்குக் கேடு என்பதே காரணம். பசிபிக் தீவு நாடான பலாவ் இன்னும் ஒரு படி மேலே போய் 2020 முதல் இப்படிப்பட்டவற்றை நாட்டுக்குள் கொண்டுவரவே அனுமதிப்பதில்லை, சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். துத்தநாக ஆக்ஸைடு அடிப்படையிலான வெள்ளைக் களிம்பை வாங்கிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. நாம் பார்க்கப் போகிற பவளத்தை நாமே கெடுக்காமல் இருப்போம்.

கொசுவிரட்டி அடுத்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலிலும் கடிக்கும் என்பதால் மாலைக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். டீட் 20 முதல் 30 சதவீதம், அல்லது பிகாரிடின் 20 சதவீதம் கொண்டதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் சன்ஸ்கிரீன், அது உலர்ந்த பிறகு மேலே கொசுவிரட்டி.

மருந்துப் பையில் என்ன இருக்க வேண்டும்? தினமும் சாப்பிடும் மாத்திரை, தேவைக்கு மேல் நாலைந்து நாளைக்கு, மருத்துவர் சீட்டோடு. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஒவ்வாமைக்கான மாத்திரைகள். கிருமிநாசினி, பிளாஸ்டர். அப்புறம் படகுக் குமட்டலுக்கான மாத்திரை. குமட்டல் வந்த பிறகு அதை விழுங்கிப் பயனில்லை, ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பலவும் தூக்கத்தை வரவழைக்கும். படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதித் தொல்லை குறையும். போனைப் பார்த்தால் கூடும்.

காலுக்கு ரப்பர் அடி வைத்த கடல் காலணி வேண்டும். பவளத்தில் சிராய்த்த காயம் சிறியதாகத் தெரிந்தாலும் ஆறுவதற்கு நாளாகும். நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, உள்ளே தங்கிய துகள்களை எடுத்துவிட்டுக் கிருமிநாசினி போடுங்கள். பாறை போலக் கிடக்கும் விஷ மீனான கல்மீனின் முள் தைத்துவிட்டால், தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை 30 முதல் 90 நிமிடம் வைத்திருப்பது வலியைக் குறைக்கும். உடனே மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் திறந்து எடுத்துவிடுவார்கள். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-மணி, ஆகவே கவலையில்லை. போகிற தீவின் மின் செருகி எப்படி என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாலத்தீவில் பெரும்பாலும் மூன்று செவ்வக முனை, பாலியில் இரண்டு உருண்டை முனை, ஹவாயில் இரண்டு தட்டை முனை, அங்கே மின்னழுத்தமும் 120 வோல்ட்தான். கேமராவைக் குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்துவிட்டு அப்புறம் திறங்கள்.

மீன் பார்க்கும் முகக்கண்ணாடியை மட்டும் சொந்தமாக வாங்கிப் போவது நல்லது. சோதிப்பது சுலபம். பட்டியை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுங்கள். கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருத்தம். நெற்றியில் விழும் முடியை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள், ஒரு முடி இடையில் மாட்டினாலும் தண்ணீர் கசியும்.

தீவில் இறங்கிய பிறகு

முதல் நாள் மாலையைக் கடலைப் பார்ப்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று கரையில் நின்று பத்து நிமிடம் கவனியுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக இருந்தால், குளிக்க நல்ல இடம் என்று தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்ப ஓடும் வழியாக அது இருக்கலாம், ஆளை உள்ளே இழுக்கும். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாதீர்கள். மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். சந்தேகம் வந்தால் உள்ளூர் மீனவரிடம் கேளுங்கள். எந்த மூலையில் இறங்கலாம் என்று கையால் காட்டிவிடுவார்.

கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதம் ஏறும், அதனால் நேரம் நாளுக்கு சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்கு நீந்திய இடத்தில் ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் போனால் முழங்கால் தண்ணீரும் பாறையும்தான் மிஞ்சியிருக்கலாம். பூமத்திய ரேகைப் பக்கம் சூரியன் மறைந்ததும் இருட்டு சட்டென்று கவிந்துவிடும், நடைபாதையில் விளக்கும் இருக்காது. தலையில் மாட்டும் சின்ன டார்ச் ஒன்று கையோடு இருக்கட்டும்.

ஆழ்கடல் முக்குளிப்புக்கு ஆசை இருந்தால் அதைப் பயணத்தின் முன்பாதியில் வையுங்கள். ஒரே ஒரு சாதாரண முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமும், பல முறையோ பல நாளோ முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மேலே காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடும். கடைசி நாளைக் கரையில் உலாவுவதற்கு வைத்துக்கொண்டால் ஈரத்துணியும் காய்ந்துவிடும்.

கரையில் கிடக்கும் சிப்பியையும் பவளத் துண்டையும் எடுத்துப் பையில் போடத் தோன்றும். பவளமும் சில சங்கு வகைகளும் சர்வதேச விதிகளின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, மாலத்தீவு போன்ற நாடுகள் அவற்றை வெளியே கொண்டுபோகத் தடை வைத்திருக்கின்றன. ஆமையோட்டில் செய்த வளையல், சீப்பு எதையும் வாங்க வேண்டாம். காலிச் சங்கு ஓட்டுக்குள் துறவி நண்டு குடியிருக்கும், நாளைக்கு இன்னொன்று வந்து குடியேறும்.

கிளம்பும் முந்தைய நாள் மாலை படகுத்துறை வரை ஒரு நடை நடந்துபோய், காலைப் படகின் நேரத்தை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று மாறப்போகிறது என்று தெரிந்தால் படகை முன்னதாகவே எடுத்துவிடுவார்கள், அந்தச் செய்தி எந்த இணையதளத்திலும் வந்திருக்காது.